செல்ஃப்-கால் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது, அப்புறம் எதற்கு ஸ்பேனர்? ஆண்டெனா வரிசை பராமரிப்பவர்கள் வரவும்

இரவுஷிஃப்ட்_மாணவி · வெள்ளி, இரவு 11:52

வணக்கம். ஆராய்ச்சி மூன்றாம் வருடம், ரேடியோ வானியல். எந்தத் தொலைநோக்கி என்று சொல்லவில்லை, இருபத்துச் சொச்சம் டிஷ் உள்ள ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் எங்களுக்கு 8 மணிநேரம் கிடைத்தது, 600 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரை. போய் உட்கார்ந்த உடனேயே ஆபரேட்டர் "இன்றைக்கு மூன்று ஆண்டெனா கிடையாது" என்றார். ஒன்றில் கியர்பாக்ஸ் வேலை, ஒன்றில் பவர் சப்ளை, மூன்றாவதைப் பற்றி அவருக்கே தெரியவில்லை. எப்போது போனாலும் இதே கதைதானா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவதுதான் முக்கியம். வரிசையின் கிழக்குக் கையில் இருக்கும் ஒரு ஆண்டெனாவின் ஃபேஸ் (அலையின் கட்டக் கோணம்), காலிப்ரேட்டரை, அதாவது ஒப்பிட்டுத் திருத்த உதவும் தெரிந்த மூலத்தைப் பார்க்கும்போது இரவு முழுக்க அழகாக நேர்கோடு மாதிரி இருக்கிறது. ஆனால் நாங்கள் ஆராயும் மூலத்துக்கு செல்ஃப்-கால் (மூலத்தின் சொந்தத் தரவை வைத்தே ஒவ்வொரு ஆண்டெனாவின் பிழையையும் கணினி கணித்துத் திருத்துவது) ஓட்டினால் அதே ஆண்டெனாவுக்கு மட்டும் கிட்டத்தட்ட 25 டிகிரி கூடுதலாகத் திருத்தம் கேட்கிறது. வீச்சும் பத்து சதவீதம் போல் குறைவு. செல்ஃப்-கால் செய்த பிறகு படம் சுத்தமாக வந்துவிட்டது. கைடு "சரியாகிவிட்டதல்லவா, மேலே போ" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இது எங்கிருந்து வருகிறது?

கட்டமூடல் · வெள்ளி, நள்ளிரவு 12:20

கைடு சொல்வதுதான் சரி. மூன்று ஆண்டெனா சேர்ந்த முக்கோணத்தில் மூன்று ஜோடிகளின் ஃபேஸ்களையும் கூட்டினால் ஆண்டெனாவால் வந்த பிழை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ரேடியோ வானியலாளர் ஜெனிசன் 1950களிலேயே காட்டியது. செல்ஃப்-கால் நிற்பதே அதன் மேல்தான். ஒரு ஆண்டெனா 25 டிகிரி தள்ளியிருந்தால் என்ன, 125 டிகிரி தள்ளியிருந்தால் என்ன, கணினிக்கு இரண்டும் ஒன்று. படத்தின் நடுவில் பிரகாசமான மூலம் இருந்ததால் தீர்வு கிடைத்தது, அவ்வளவுதான் விஷயம்.

மூன்று ஆண்டெனா இல்லாததற்கும் அழவேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 ஆண்டெனா என்றால் 435 ஜோடி. 27 என்றால் 351. உணர்திறன் ஜோடி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு போவதால் இழப்பு வெறும் பத்து சதவீதம். சுமார் இரண்டு மணிநேரம் கூடுதலாகக் கேட்டால் ஈடாகிவிடும்.

ஸ்பேனர்_செட் · சனி, காலை 6:05

ஷிஃப்ட் முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடமாக டிஷ் மேல் ஏறி இறங்குகிறவன் என்பதால் கட்டமூடலுக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

தம்பி, உன் பத்து சதவீதக் கணக்கு சரி. ஆனால் எந்த மூன்று என்பதைக் கேட்கவில்லையே. நடுக்கூட்டத்தில் மூன்று போனால் கவலையில்லை. கையின் கடைசியில் நிற்பது போனால் நீண்ட பேஸ்லைன்கள் (இரண்டு ஆண்டெனாவுக்கு நடுவிலுள்ள தூரங்கள்) மொத்தமாகப் போய்விடும், படத்தின் கூர்மை போய்விடும். புனே பக்கம் நாராயண்காவுக்கு அருகே கோடாட்டில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி வரிசையை எடுத்துக்கொள். 45 மீட்டர் டிஷ் முப்பது. அதில் 14 ஒரு கிலோமீட்டர் அளவுக்குள் நெருக்கமாக நிற்கின்றன, மீதி 16 ஒய் வடிவத்தில் மூன்று கைகளில். கோடிக்குக் கோடி சுமார் 25 கிலோமீட்டர். அந்தக் கோடியில் இருக்கும் ஒன்றை இரவு இரண்டு மணிக்குப் போய்ச் சரிசெய்வது என்றால் ஜீப்பில் கிராமத்துச் சாலை, தோட்டம், நாய் எல்லாம் தாண்டிப் போகவேண்டும்.

எப்போதும் சில ஆண்டெனா இல்லையே என்று மாணவி கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் எளிது: அது திட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் இருக்கும் விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கி வரிசையில் ஆண்டெனா மொத்தம் 28. வானத்தைப் பார்ப்பது 27. ஒன்று எப்போதும் கொட்டகைக்குள் பராமரிப்பில் இருக்கும், முறை வைத்து ஒவ்வொன்றாக உள்ளே வரும். உதிரி ஒன்றைக் கூடுதலாகக் கட்டும் அளவுக்குப் பணமில்லாத இடங்களில் அந்த முறை உங்கள் கண்காணிப்பு நேரத்திலிருந்து போகிறது.

இப்போது அந்த 25 டிகிரி. மூன்று கேள்வி கேட்கிறேன், பார்த்துச் சொல்லும்மா:
இரண்டு துருவத்திலும் (போலரைசேஷன், அலை அதிரும் திசை; ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை) இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா?
அலைவரிசை முழுக்க ஒரே 25 டிகிரியா, சாய்கிறதா?
இரவு முழுக்க அப்படியேவா?

நேரத்தை வைத்து மட்டும் பார்க்காதே. நேரத்தோடு சேர்ந்து இன்னும் பத்து விஷயம் மாறும்.

மாடிவீட்டு_டிஷ் · சனி, காலை 8:30

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி கணக்குப்பிள்ளை, வானியல் பொழுதுபோக்கு. மொட்டைமாடியில் பழைய டிடிஎச் டிஷ் இரண்டை 2 மீட்டர் தள்ளி வைத்து, கம்பைனரில் இணைத்து, சூரியன் கடக்கும்போது ஃப்ரிஞ்ச் (இரண்டு சிக்னலும் சேர்ந்து ஏறி இறங்கும் அலை) வரும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். சூரியன் வந்தால் அளவி ஏறுகிறது, போனால் இறங்குகிறது. ஏற்ற இறக்க அலை ஒன்றும் இல்லை. காக்கா வந்து எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் ரிசீவர் பெட்டி) மேல் உட்காருவதுதான் தெளிவாகத் தெரிகிறது. என்ன தவறு செய்கிறேன்?

கேபிள்_அக்கா · சனி, காலை 9:10

@மாடிவீட்டு_டிஷ் தவறு ஒன்றுதான், ஆனால் அதுதான் இந்த மொத்தத் துறையும். உங்கள் இரண்டு எல்என்பிக்கும் தனித்தனி ஆஸிலேட்டர். பிஎல்எல் வகையில் (ஆஸிலேட்டரைப் படிகத்தோடு பூட்டிய வகை) 9.75 கிகாஹெர்ட்ஸை அது ஒரு சின்ன 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து 390 மடங்கு பெருக்கி எடுக்கிறது. ஒரு படிகம் வெயிலில் துளி நகர்ந்தால் அந்த நகர்வும் 390 மடங்காகும். அப்புறம் இரண்டு டிஷ்ஷும் ஆளுக்கொரு கடிகாரம் கட்டிக்கொண்டு ஒரே தாளத்துக்கு ஆட முயல்கிற மாதிரி, கூட்டினால் வெறும் இரைச்சல். பிஎல்எல் வகை எல்என்பி இரண்டு வாங்கி, ஒன்றின் படிகத்தைக் கழற்றிவிட்டு, இன்னொன்றின் 25 மெகாஹெர்ட்ஸை இரண்டுக்கும் கொடுங்கள். சால்டரிங் நடுங்காத கை வேண்டும். இரண்டு கேபிளையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள்.

வந்துவிட்டால் 2 மீட்டர் இடைவெளிக்கு ஃப்ரிஞ்ச் ஒன்று சுமார் மூன்று நிமிடம். அப்புறம் டிஷ்களை மெல்ல மெல்லத் தள்ளிவைத்துக்கொண்டே போங்கள். கிட்டத்தட்ட 3.5 மீட்டரில் ஃப்ரிஞ்ச் மறைந்துவிடும். ஏனென்றால் சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரித் தட்டு. அது மறையும் தூரத்திலிருந்து சூரியனின் விட்டத்தை உங்கள் மாடியில் உட்கார்ந்தே கணக்கிடலாம். இந்தக் கணக்கைப் பத்து கல்லூரிக்காரர்களிடம் சொல்லிவிட்டேன், ஒருவரும் செய்யவில்லை. நீங்கள் செய்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் டிடிஎச் செயற்கைக்கோள்களின் பின்னால் வரும். வீட்டில் சீரியல் நடுவில் படம் போகுமே, அந்த நாட்கள். அப்போது செய்யாதீர்கள், செயற்கைக்கோள்தான் தெரியும்.

நீலகிரிக்காரன் · சனி, காலை 11:45

கடிகாரம் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. ஊட்டியில் முத்தோரை பக்கம் வளர்ந்தவன் நான், வீட்டிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியின் அந்த நீள டிஷ் தெரியும். சின்ன வயதில் அது ஏதோ முடியாத பாலம் என்று நினைத்திருந்தேன். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 சட்டங்கள், அவற்றின் மேல் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். 1970ல் வேலை செய்ய ஆரம்பித்தது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததுதான் சாமர்த்தியம். சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11. அதனால் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துவிடுகிறது. ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்கே திருப்பினால் ஒன்பது மணிநேரத்துக்கு மேல் ஒரு மூலத்தைத் தொடரலாம். வடக்கு தெற்காகப் பார்க்க எதையும் அசைக்கவேண்டாம், குவிக்கோட்டில் இருக்கும் 1,056 டைபோல்களின் (சின்னக் கம்பி ஆண்டெனாக்கள்) ஃபேஸை மாற்றினால் போதும்.

ஒரே தொலைநோக்கி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே அது ஆயிரம் காதுகளைத் தாளம் தப்பாமல் கூட்டுகிற வேலை. 1980களில் அதைச் சுற்றிச் சின்ன ஆண்டெனாக்கள் வைத்துச் சில கிலோமீட்டர் இன்டர்ஃபெரோமீட்டராகவும் (பல ஆண்டெனாக்களின் சிக்னலை இணைத்துப் பார்க்கும் கருவி) ஓட்டினார்கள். அங்கே கற்றது கோடாட்டுக்குப் போனது.

அதற்கும் முன்னால் கல்யாண். ஆஸ்திரேலியாவில் பாட்ஸ் ஹில்லில் வேலை முடிந்த 32 சின்ன டிஷ்களை ஸ்வரூப் கேட்டு வாங்கி வந்து, 1965ல் மும்பை அருகே கல்யாணில் நிறுத்திச் சூரியனைப் பார்த்தார். திருப்பூர் அண்ணனின் பழைய டிஷ்ஷுக்கு நல்ல பாரம்பரியம் இருக்கிறது.

மாடிவீட்டு_டிஷ் · சனி, மதியம் 12:02

இதைப் பிரேம் போட்டு மாட்டவேண்டும். வீட்டில் "காயலான் கடைக்குப் போடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரவுஷிஃப்ட்_மாணவி · சனி, மாலை 4:40

@ஸ்பேனர்_செட் அண்ணே, பார்த்தேன். ஒரு துருவத்தில் மட்டும்தான். இன்னொன்று சுத்தம்.

அலைவரிசையில் சாய்வு இருக்கிறது. 600ல் கிட்டத்தட்ட 28 டிகிரி, 800ல் 22. கேபிள் நீளம் மாறினால் தாமதம் மாறும், அப்போது மேல் அதிர்வெண்ணில்தானே ஃபேஸ் அதிகமாக வரவேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறது. குறி தப்பிவிட்டதோ என்று மூன்று முறை பார்த்துவிட்டேன்.

நேரம்: அதிகாலை 2:40 வரை இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரேயடியாகக் காணாமல் போகிறது. சரிசெய்தது யார்?

கட்டமூடல் · சனி, மாலை 5:15

அயனமண்டலமாக (மேல் வளிமண்டலத்தின் மின்னேறிய அடுக்கு) இருக்கலாம். கீழ் அதிர்வெண்ணில் அதிகம் தெரியும், நள்ளிரவுக்குப் பின் அடங்கும்.

கேபிள்_அக்கா · சனி, மாலை 5:40

அயனமண்டலம் ஒரு துருவத்தை மட்டும் பிடித்துத் தள்ளாது கட்டமூடல். அதுவும் ஒரே ஆண்டெனாவில், பக்கத்து ஆண்டெனாவுக்குத் தெரியாமல். ஆஸிலேட்டரும் இல்லை, அது இரண்டு துருவத்துக்கும் பொது. ஒளியிழையா என்றால், பத்து கிலோமீட்டர் இழை ஒரு டிகிரி சூடானால் சுமார் 400 பிகோவினாடி தாமதம் கூடும், 700 மெகாஹெர்ட்ஸில் அது நூறு டிகிரி. பயப்படவேண்டிய எண்தான், அதனால்தான் இழையை மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்கிறோம். ஆனால் அது மெதுவாக ஊர்ந்து வரும், இப்படிப் படாரென்று போகாது, மேல் அதிர்வெண்ணில்தான் பெரிதாகத் தெரியும்.

தலைகீழ்ச் சாய்வுதான் துப்பு. சிக்னல் போகும் பாதையில் தொடராக ஒரு குட்டிக் கெப்பாசிடர் வந்து உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். கீழ் அதிர்வெண்ணுக்குத் தடை அதிகம், ஃபேஸும் அதிகம் தள்ளும். 50 ஓம் பாதையில் 25 டிகிரி தள்ளினால் வீச்சு எவ்வளவு குறையவேண்டும் தெரியுமா? கொசைன் 25, அதாவது 0.906. நீங்கள் முதலிலேயே எழுதிவிட்டீர்கள், பத்து சதவீதம் என்று! 700ல் 25 என்றால் 600ல் 28ம் 800ல் 22ம் வரவேண்டும், வந்திருக்கிறது.

கெப்பாசிடரை யாரும் அங்கே வைத்திருக்கமாட்டார்கள். கனெக்டருக்குள் நடுப்பின் உள்வாங்கியிருக்கிறது. தொடுகிறது, தொடவில்லை, நடுவில் முடி அளவு காற்று. எல்என்ஏவுக்கு (முதலில் சிக்னலைப் பெருக்கும் குறை இரைச்சல் பெருக்கி) பின்னால் இருக்கும் கனெக்டர் என்று பந்தயம் கட்டுகிறேன். முன்னால் இருந்தால் இரைச்சல் ஏறியிருக்கும், யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். பின்னால் என்பதால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே பத்து சதவீதம் குறைந்திருக்கிறது, உணர்திறன் கெடவில்லை, கண்ட்ரோல் ரூம் திரையில் எல்லாம் பச்சை.

ஒரு சோதனை. அந்த ஆண்டெனாவில் ஒரு துருவத்தின் ஃபேஸிலிருந்து இன்னொன்றைக் கழித்து வரையுங்கள். வானம், ஆஸிலேட்டர், ஆண்டெனா இருக்கும் இடத்தின் பிழை, எல்லாமே பொதுவானதால் கழிந்து போகும். கேபிள் மட்டும் மிஞ்சும்.

ஸ்பேனர்_செட் · சனி, இரவு 7:20

அக்கா முந்திக்கொண்டார். கூடவே, வரைபடத்தின் அடி அச்சில் நேரத்தைப் போடாதே. டிஷ் எந்தப் பக்கம் பார்த்தது என்ற கோணத்தைப் போடு.

ஏன் சொல்கிறேன் என்றால், குவியத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து கேபிள் கீழே வரும்போது இரண்டு இடத்தில் வளைகிறது. டிஷ் மேலும் கீழும் சாயும் அச்சில் ஒன்று, சுற்றும் அச்சில் ஒன்று. சுற்றும் இடத்தில் கேபிள் கட்டு முழுவதும் கயிறு முறுக்குகிற மாதிரி முறுகி அவிழும். வருடத்துக்கு எத்தனை ஆயிரம் தடவை? கண்காணிப்புக்குக் காலிப்ரேட்டர் தேவை என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்புவது நீங்கள்தானே. கிளாம்ப் தளர்ந்துவிட்டால் இழுவை நேரே கனெக்டருக்குப் போய்விடும்.

மற்றவர்கள் டிஷ் பராமரிப்பு என்றால் பெயின்ட் அடிப்பது என்று நினைக்கிறார்கள். எங்கள் வேலைப்பட்டியல் கேளுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை எடுத்து அதில் உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு அச்சுக்கு இரண்டு மோட்டார், ஒன்றையொன்று லேசாக எதிர்த்துத் தள்ளும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஆட்டம் இருக்கக்கூடாது என்பதற்காக. அதில் ஒன்று சோம்பேறியாகிவிட்டால் டிஷ் காற்றில் ஆடும், தரவில் அது மூலம் மினுக்குகிற மாதிரித் தெரியும், ஒரு மாணவர் அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடுவார். கம்பிவலையில் வெல்டு விட்டதைக் கட்டவேண்டும். குளவி. குளவியைப் பற்றித் தனி இழையே போடலாம், டிஷ் குவியத்தில் இருக்கும் ஃபீடுக்குள் மழைபடாத, கதகதப்பான இடம், அதற்கு வேறென்ன வேண்டும். எலி கேபிளைக் கடிக்கும். மழைக்கு முன்னால் ஒவ்வொரு கனெக்டருக்கும் ரப்பர் டேப் புதிதாகச் சுற்றவேண்டும். மின்னல் விழுந்த மறுநாள் எல்என்ஏ எத்தனை போயிற்று என்று எண்ணவேண்டும்.

ஜிஎம்ஆர்டி டிஷ்ஷைப் பார்த்தால் வானம் ஊடாகத் தெரியும். தகடு இல்லை, மெல்லிய கம்பிவலை, கயிற்றுச் சட்டத்தில் இழுத்துக் கட்டியது. காற்று ஊடே போய்விடும், எடை குறைவு, செலவு குறைவு. அப்படியும் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் கண்காணிப்பை நிறுத்தி டிஷ்ஷை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி நிறுத்தவேண்டும். உங்கள் மூலம் உச்சியில் இருக்கும் நேரம்தான் காற்று வரும், அது வேறு விஷயம்.

ஒரு விஷயம் மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஆள் உள்ளே கேபிள் கட்டு அருகில் இருக்கும்போது கண்ட்ரோல் ரூமிலிருந்து டிஷ்ஷைத் திருப்பிவிட்டார்கள். பூட்டுச் சாவி அவர் பாக்கெட்டில் இருந்திருக்கவேண்டும், பேனலிலேயே விட்டுவிட்டு ஏறியிருந்தார். சட்டைக் கை மாட்டியது, கிழிந்தது, அதோடு போயிற்று. அன்றிலிருந்து சாவி என் கழுத்தில்.

கட்டமூடல் · சனி, இரவு 8:45

அயனமண்டலம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அசல் வாதம் அப்படியே இருக்கிறது. பின் உள்வாங்கியிருந்தது, செல்ஃப்-கால் அதையும் சேர்த்துச் சரிசெய்தது, படம் வந்தது. ஸ்பேனர் இல்லாமலேயே.

கேபிள்_அக்கா · சனி, இரவு 9:30

இந்த மூலம் பிரகாசமாக இருந்ததால் வந்தது. நாளைக்கு அதே ஆண்டெனாவில் இன்னொருவர் மங்கலான மூலத்தைப் பார்ப்பார், செல்ஃப்-காலுக்குப் போதிய சிக்னல் இருக்காது. காலிப்ரேட்டரின் ஃபேஸை அப்படியே மூலத்துக்கு மாற்றுவார். காலிப்ரேட்டர் நல்ல கோணத்தில், மூலம் கெட்ட கோணத்தில். 25 டிகிரி பிழை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உள்ளே போகும். காலிப்ரேட்டர் வரைபடம் நேர்கோடாக இருப்பதால் அவர் சந்தேகமே படமாட்டார். ஒரு ஆண்டெனாவில் அந்த அளவு பிழை நிலையாக இருந்தால் படத்தின் பிரகாச விகிதம் (உச்சப் பிரகாசத்துக்கும் பின்னணிப் பிழைக்கும் உள்ள விகிதம்) சில நூறுகளில் நின்றுவிடும், அவர் தன் மூலத்தைச் சுற்றிக் கோடு கோடாக இருப்பதை மென்பொருளில் தேடிக்கொண்டிருப்பார்.

அதோடு செல்ஃப்-கால் செய்தால் வானத்தில் மூலம் இருக்கும் துல்லியமான இடம் கையை விட்டுப் போகும். கோரிலேட்டரில் (ஆண்டெனா ஜோடிகளின் சிக்னலைப் பெருக்கிச் சேர்க்கும் கணினி) ஒரு ஜோடிக்கு மட்டும் வரும் பிழையை அது தொடவே தொடாது, முக்கோணத்தில் கழியாது அது. துருவ வேறுபாட்டை அளப்பவர்களுக்கு இந்த மாதிரி ஒருதுருவப் பிழை விஷம்.

நீலகிரிக்காரன் · சனி, இரவு 10:10

பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பியூர்ட்டோ ரிக்கோவின் ராட்சத ரேடியோ தொலைநோக்கி அரெசிபோ இருக்கிறதே. 2020 ஆகஸ்டில் துணைக் கேபிள் ஒன்று சாக்கெட்டிலிருந்து நழுவியது. நவம்பரில் முக்கியக் கேபிள் அறுந்தது. டிசம்பர் 1ல் 900 டன் மேடை டிஷ் மேல் விழுந்தது. அதற்குச் செல்ஃப்-கால் கிடையாது.

கட்டமூடல் · சனி, இரவு 10:14

அது அநியாய உதாரணம்.

நீலகிரிக்காரன் · சனி, இரவு 10:20

அநியாயம்தான். இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

மாடிவீட்டு_டிஷ் · ஞாயிறு, காலை 7:00

படிகம் கழற்றிவிட்டேன், ஒரு எல்என்பி செத்தது, இன்னொன்று வாங்க ஆளனுப்பியிருக்கிறேன். அதுவரை ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டில் எல்ஈடி டியூப்லைட் போட்டால் என் ரிசீவரில் பின்னணி இரைச்சல் ஏறுகிறது. பெரிய தொலைநோக்கிக்காரர்கள் ஊர் முழுக்க இருக்கும் இதையெல்லாம் என்ன செய்கிறார்கள்?

ஸ்பேனர்_செட் · ஞாயிறு, காலை 9:40

கெஞ்சுகிறார்கள். நிஜமாகவே. கீழ் அலைவரிசைகளில் பெரிய தொல்லை மின்கம்பம். இன்சுலேட்டரில் விரிசல் விழுந்து, தூசி படிந்து, பொறி பறக்கும். கண்ணுக்குத் தெரியாது, ரிசீவரில் கூட்டம் கூட்டமாக வரும். கோடையில் மோசம், நல்ல மழை பெய்து தூசியைக் கழுவினால் இரண்டு நாள் சாந்தி. கையில் யாகி ஆண்டெனாவோடு வயல் வரப்பில் நடந்து எந்தக் கம்பம் என்று கண்டுபிடித்து மின்வாரியத்துக்காரரிடம் டீ வாங்கிக்கொடுத்துச் சொல்லவேண்டும். 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் செயற்கைக்கோள் பேசும், 250 பக்கம் ராணுவச் செயற்கைக்கோள், 900ல் மொபைல். அவர்களிடம் டீ கொடுக்க முடியாது, அந்தச் சேனல்களை ஃப்ளாக் செய்து ஒதுக்கவேண்டியதுதான்.

வெளியே மட்டுமில்லை. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் தொலைநோக்கியில் வருடக்கணக்கில் மர்மமான சிக்னல் வந்துகொண்டிருந்தது. 2015ல் கண்டுபிடித்தார்கள், ஆய்வகத்து மைக்ரோவேவ் அடுப்பு. வேலை முடியும் முன்பே பொறுமையில்லாமல் கதவைத் திறந்தால் வருகிற சிக்னல்.

இன்டர்ஃபெரோமீட்டருக்கு ஒரு சலுகை உண்டு. வானத்து மூலத்துக்காக நாம் தாமதத்தையும் ஃப்ரிஞ்ச் சுழற்சியையும் விடாமல் தொடர்ந்து திருத்துகிறோம் அல்லவா. 25 கிலோமீட்டர் பேஸ்லைனில் 1420 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சுழற்சி அதிகபட்சம் வினாடிக்கு எட்டு ஒன்பது. தரையில் நிற்கும் கம்பம் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் இந்தத் திருத்தம் அதற்குப் பொருந்தாது, அது கலைந்து சராசரியில் கரைந்துவிடும். நீளமான பேஸ்லைனில் நன்றாகக் கரையும், குட்டையானதில் கரையாது. அதனால்தான் குட்டை பேஸ்லைன் தரவு எப்போதும் அழுக்கு.

இரவுஷிஃப்ட்_மாணவி · ஞாயிறு, இரவு 9:15

வரைந்தேன்.

துருவ வித்தியாசத்தை டிஷ்ஷின் சுற்றுக் கோணத்துக்கு எதிராகப் போட்டதும் படிக்கட்டு மாதிரி வந்துவிட்டது. 143 டிகிரிக்குக் கீழே எல்லாம் 25, அதற்கு மேலே எல்லாம் சுழி. காலிப்ரேட்டர் மூலத்துக்குத் தென்மேற்கே தள்ளி இருப்பதால் இரவு முழுக்க 143க்கு மேலேயே இருந்திருக்கிறது. எங்கள் மூலம் 2:40க்குத்தான் அந்தக் கோணத்தைத் தாண்டியது. யாரும் சரிசெய்யவில்லை. ஆரம்பத்தில் பார்த்த 3சி286 (இன்னொரு காலிப்ரேட்டர்) கிழக்கே எழுந்துகொண்டிருந்தது, அதிலும் அதே 25 டிகிரி இருந்திருக்கிறது. நான்தான் அதை வீச்சுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு ஃபேஸைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் பழைய தரவுகளை எடுத்துப் பார்த்தேன். எங்கள் குழு ஐந்து மாதம் முன்பு எடுத்ததில் அதே ஆண்டெனாவில் அதே கோணத்தில் 9 டிகிரி. வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

கைடிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "2:40க்கு முன்னால் இருக்கும் அந்தத் துருவத்தைத் தூக்கிவிட்டு இன்னொரு தடவை படம் போடு" என்றார். போட்டேன். செல்ஃப்-கால் செய்ததற்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கட்டமூடல் அண்ணன் சந்தோஷப்படலாம்.

தொலைநோக்கிக்காரர்களுக்கு வரைபடத்தோடு மெயில் போட்டுவிட்டேன்.

கட்டமூடல் · ஞாயிறு, இரவு 9:50

சந்தோஷப்பட்டேன். ஆனால் ஐந்து மாதம் முன்பு 9 டிகிரி என்பது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. அந்த ஐந்து மாதத்தில் எத்தனை பேர் அந்த ஆண்டெனாவைப் பயன்படுத்தியிருப்பார்கள். என்னிடமும் ஒரு தரவு இருக்கிறது, கழித்துப் பார்க்கிறேன்.

இரவுஷிஃப்ட்_மாணவி · பதினாறு நாள் கழித்து, மாலை 6:30

பதில் வந்தது. முதல் பதில் "குறித்துக்கொண்டோம்" என்ற ஒரு வரிதான், அதைப் பார்த்துச் சோர்ந்துவிட்டேன். இன்று இரண்டாவது மெயில், போட்டோவோடு. அந்த ஆண்டெனாவின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் டிஷ்ஷைத் தாழ்த்தி வைத்துக் கேபிள் கட்டைத் திறந்திருக்கிறார்கள். கிளாம்ப் ரப்பர் இற்றுப்போய் விழுந்திருக்கிறது. கனெக்டர் நடுப்பின் அரை மில்லிமீட்டர் போல உள்ளே. அக்கா, பந்தயம் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

மாடிவீட்டு_டிஷ் · அன்றே, இரவு 7:10

நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நேற்று மதியம் 12:10க்கு முதல் ஃப்ரிஞ்ச். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பையன் பேப்பரில் அலை வருவதைப் பார்த்து "அப்பா, நெஞ்சுத்துடிப்பு மாதிரி இருக்கிறது" என்றான். டிஷ் இன்னும் காயலான் கடைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை 3 மீட்டருக்குத் தள்ளுகிறேன், மாடித் தண்ணீர்த் தொட்டி குறுக்கே நிற்கிறது.

கேபிள்_அக்கா · அன்றே, இரவு 7:25

தொட்டியை நகர்த்தாதீர்கள், டிஷ் இரண்டையும் மாடியின் மூலைக்கு மூலை வையுங்கள். ஆனால் கிழக்கு மேற்கு எவ்வளவு விலகியது என்பதைத் தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கணக்குக்கு அதுதான் வேண்டும்.

ஸ்பேனர்_செட் · அன்றே, இரவு 11:05

அந்தக் கிளாம்ப் ரப்பரின் போட்டோவை இங்கே போடமுடியுமா மாணவி? கறுப்பா, சாம்பலா? எங்களிடம் இருப்பதும் அதே வகை என்று சந்தேகம், எல்லாம் ஒரே வருடத்தில் மாட்டியது. திங்கட்கிழமை காற்று இல்லையென்றால் முதல் இரண்டு ஆண்டெனாவில் ஏறிப் பார்க்கிறோம்.